பன்னிரண்டாவது முடிச்சு

அவர் என்னிடம் தமிழில் பேசியது மொத்தம் நான்கு வாக்கியங்கள். மூன்று, ஒரே பிற்பகலில், கதவு சாத்திய அறைக்குள். நான்காவது, ஏழு வாரம் கழித்து, டிராம் நிறுத்தத்தில். மீதி எல்லாம் ஆங்கிலம். இரண்டு ஆண்டுகள் ஒரே மேசையின் இரு பக்கங்களில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறோம்.

அவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டையுமே எழுதப்போவதில்லை.

மெல்பர்னில் ஓர் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளம் எங்கள் இடம். மேலே மக்கள் பார்க்கும் பொருள்கள் எல்லாம் கீழே எங்கள் கையைத் தாண்டித்தான் போகும். அவர் துணி, நார், தோல் பழுதுபார்ப்பவர். நான் திருச்சியில் வேதியியல் முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவள். ஒவ்வொரு பொருளுக்கும் நிலை அறிக்கை எழுதுவது என் வேலை. என்ன பொருள், என்ன அளவு, எங்கே உடைந்திருக்கிறது, நாம் என்ன செய்தோம், எதனால் செய்தோம். பட்டியல் போடுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே வரும். அங்கே அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

கீழ்த்தளத்தில் நடந்த ஆங்கிலப் பேச்சை இங்கே என் ஊர்த் தமிழில் எழுதுகிறேன், அவருடைய பேச்சைத் தவிர. அவருடைய ஆங்கிலம் அச்சடித்ததுபோல் இருக்கும். ஒரு சொல்கூடக் கசங்கியிருக்காது. அதற்கு எழுத்துத் தமிழ்தான் சரியாக வருகிறது.

ஐம்பதை நெருங்கும் வயது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் சாம்பல் நிறக் கவுன், கழுத்துவரை பொத்தான். மதியம் முட்டை சாண்ட்விச், முக்கோணமாக வெட்டியது, நான்கு துண்டு. நான்காவது துண்டைச் சாப்பிட மாட்டார். தாளில் மடித்துத் திரும்ப எடுத்துப் போவார். வெயில் அடித்தாலும் குடை. இலங்கையிலிருந்து வந்த பறங்கியர் என்று சொல்லிக்கொள்வார். ஒல்லாந்தர், போர்த்துக்கீசியர் வழியில் வந்து அந்தத் தீவிலேயே தங்கிவிட்டவர்களுக்கு அங்கே அந்தப் பெயர். அவருடைய மேசை மேல் சட்டம் போட்ட ஒரு படம்: வெள்ளைத் தாடி, உயர்ந்த காலர், பூனைக் கண் போன்ற வெளிறிய கண்கள் உள்ள ஒரு கிழவர். "என் தாத்தா," என்பார் யார் கேட்டாலும். கேட்காவிட்டாலும் ஒரு தடவை சொல்லிவிடுவார்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். தைத்த துணியை முதலில் திருப்பித்தான் பார்ப்பார். பின்பக்கம் முன்பக்கம் போலவே இருக்க வேண்டும். ஒரு நூல் முனை தெரிந்தாலும் முழுவதையும் பிரிப்பார். பழுதுபார்க்கும் வேலையில் அது தேவையே இல்லை. எங்கே கை வைத்தோம் என்பது பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் அதைச் சொன்னேன்.

"உன்னுடைய அறிக்கையில் எழுதிக்கொள். துணியில் தெரிய வேண்டாம். எந்தப் பக்கத்திலிருந்து வேலை செய்தாய் என்பதை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது."

கண்ணாடிப் பெட்டிகள் செய்யும் தச்சர் ஒருவர் எங்கள் அறைக்குத் தேநீருக்கு வருவார். பெரிய உடம்பு, பெரிய குரல். அளவெல்லாம் அங்குலத்திலிருந்து சென்டிமீட்டருக்கு மாறிய புதிது. அந்தக் கோபத்தை யாரிடமாவது கொட்ட வேண்டும் அவருக்கு. ஒரு நாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தியா, சிலோன். பக்கத்துப் பக்கத்துத் தெருதானே? உங்க பாஷைல பேசிக்கங்களேன். நான் வேணா காதைப் பொத்திக்கறேன்."

"என் மொழி ஆங்கிலம்," என்றார் அவர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுடையது என்ன என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை."

தச்சர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டு நான் வைத்திருந்த பட்டியல்களில் ஒன்று, தொடர்ந்து தமிழ் பேசாத நாட்கள். அதிகபட்சம் இருபத்தேழு. வீட்டிலிருந்து வரும் கடிதங்களை என் அறையில் வாய்விட்டுப் படிப்பேன். அது கணக்கில் சேராது என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். கிளென் வேவர்லியில், ரயில் பாதை முடியும் இடத்தில், யாழ்ப்பாணத்து டாக்டர் குடும்பம் ஒன்று இருந்தது. நிலைய மேடையில் என் சேலையைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு அன்ரி ஓடிவந்து கையைப் பிடித்து, "தமிழோ?" என்று கேட்டார். நான் "ஆமா" என்றதும் கையை விடவே இல்லை. அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டில் சாப்பாடு. அந்த ஒரு நாளில் ஒரு மாதத்துக்கான பேச்சைப் பேசிவிட்டு, தொண்டை வலியோடு ரயில் ஏறுவேன்.

அந்த முகமூடி எங்களிடம் வந்தது ஒரு குளிர்காலத்தில். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் சிம்ஷியன் மக்கள் செதுக்கியது. யார் வாங்கினார், எப்படி இங்கே வந்தது, எதுவும் அட்டையில் இல்லை. அட்டையில் இருந்தது மூன்று சொற்கள்: ஓநாய் முகமூடி, மரம். பல ஆண்டுகளாக ஒரு பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. வசந்தத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்காகத் தூசி தட்டி அனுப்பியிருந்தார்கள்.

நீண்ட மூக்கு. இழுத்த உதட்டுக்குள் வரிசையாகப் பற்கள். கறுப்பு, சிவப்பு, மங்கிய நீலப் பச்சை. நான் வழக்கம்போல் எண்ணினேன். துளைகள் பதினான்கு. பத்துத் துளைகளின் வேலை எனக்குப் புரிந்தது; தலையில் கட்டிக்கொள்ளும் கயிறுகளுக்கானவை. மீதி நான்கு எதற்கென்று தெரியவில்லை. இரண்டு நாள் அந்த நான்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர் எழுந்து வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, மூக்கின் நடுவே ஒரு விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார். துணியில் தையலைத் தேடும்போது அப்படித்தான் ஓட்டுவார்.

"இங்கே இணைப்பு இருக்கிறது. வண்ணமும் அழுக்கும் மறைத்திருக்கின்றன. இது முழு முகம் அல்ல. மூடியிருக்கிறது."

ஒரு வாரம் மென்மையான தூரிகையோடு வேலை செய்தோம். கன்னங்களின் ஓரத்தில் தோல் கீல்கள் தெரிந்தன. ஒரு காலையில் ஓநாய் நடுவில் பிளந்து இரண்டு கதவுகளாக விலகியது. உள்ளே ஒரு மனித முகம். அகன்ற புருவம், சிவந்த உதடு, ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டு நிறுத்தியது போன்ற வாய். அந்த நான்கு துளைகள் வழியாகக் கயிறு ஓடியிருக்கிறது. ஆடுகிறவர் உள்ளேயிருந்து இழுத்தால் ஓநாய் திறந்து மனிதராகும், விட்டால் மறுபடி ஓநாய். உள்முகத்தைச் சுற்றி மரப்பட்டை நாரால் ஒரு குஞ்சம் இருந்திருக்கிறது. கட்டிய நூல் இற்றுப்போய்ப் பாதி நார்கள் அடியில் உதிர்ந்து கிடந்தன.

எங்கள் பிரிவின் தலைவர் படியிறங்கி ஓடிவந்தார். "ஓநாய் வேஷம், உள்ள நிஜ முகம்! இதைத் திறந்தே வைப்போம்," என்றார்.

அவர் போன பிறகு இவர் முகமூடியின் முன் கொஞ்ச நேரம் நின்றார்.

"உள்ளே இருப்பதும் மரம்தானே," என்றார்.

நான் பின்னால் தேடிப் படித்த வரையில் அவர் சொன்னதுதான் சரிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த மக்களுக்கு ஒன்று வேடம், இன்னொன்று உண்மை என்று இல்லை. இரண்டும் ஓர் உயிரின் முகங்கள். அப்போது எனக்கு அது தெரியாது. திறந்து பார்த்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

குஞ்சத்தைத் திரும்பக் கட்டுவது அவர் பொறுப்பு. நார்களைப் பன்னிரண்டு சிறு கட்டுகளாகப் பிரித்து, ஒரு கயிற்றில் வரிசையாக முடிந்துகொண்டே போக வேண்டும். பழைய முடிச்சுகளில் மிஞ்சியிருந்த ஒன்றை நான் ஏற்கெனவே வரைந்து அறிக்கையில் ஒட்டியிருந்தேன். தட்டையான, எளிய முடிச்சு. அதே மாதிரி கட்ட வேண்டும் என்பது விதி.

அன்று பிற்பகல் மற்றவர்கள் மேலே கூட்டத்தில் இருந்தார்கள். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. தோள் அசையும் தாளம் வழக்கம்போல் இல்லை. வேகமாக, யோசனையே இல்லாமல் அசைந்தது. எட்டிப் பார்த்தேன். கயிற்றின் முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டாத குறைதான். ஒரு கையில் நார்க் கட்டைக் குறுக்கே பிடித்து, மறு கையின் இரண்டு விரலில் நூலைச் சுற்றி, ஒரு புரட்டுப் புரட்டி, அதை நாரின் மேல் தள்ளி இறுக்கினார். அடுத்தது. அடுத்தது. எங்கள் தெருவில் எத்தனையோ வாசல்களில், எத்தனையோ சாயங்காலங்களில் பார்த்த கை. ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தது. கத்தரிக்கோல், பேனா, கரண்டி எல்லாவற்றையும் வலக்கையால் பிடிக்கிறவர், முடிச்சை இடக்கையால் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது பூக் கட்டுற முடிச்சு," என்றேன். தமிழில்.

கை நின்றது. அவர் திரும்பவில்லை.

"மன்னிக்க வேண்டும். நீ சொன்னது எனக்குப் புரியவில்லை."

"பூக் கட்டுற முடிச்சுங்க. இடது கையால கட்டறீங்க. நீங்க..." தராசுத் துணி கையிலேயே இருந்தது.

மேலே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"கதவைச் சாத்தும் பிள்ளை," என்றார்.

சாத்தினேன்.

"பறங்கி எண்டு எழுதிக் குடுத்துத்தான் நான் இங்க வந்தனான்."

பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டார். மீதியை ஆங்கிலத்தில்தான், முழு வாக்கியங்களாக, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். கணவர் பறங்கியர்தான். வீட்டை எதிர்த்து அவரைக் கல்யாணம் செய்திருக்கிறார். அந்தக் காலத்தில் இந்த நாட்டுக்கு வர, வம்சத்தில் பெரும்பகுதி ஐரோப்பிய ரத்தம் என்று காட்ட வேண்டும், மனைவிக்கும்தான். அதிகாரிகள் குடும்பப் படங்களைக் கேட்பார்கள். கணவரின் நண்பர் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு தாத்தாவை இறக்கிக் கொடுத்தார்கள். இவரும் பிறப்பு, பெற்றோர், மதம், மொழி என்று ஒவ்வொரு கட்டமாகப் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வலக்கையால். வந்த மூன்றாம் ஆண்டு கணவர் இறந்துவிட்டார். தாத்தா இருந்துவிட்டார்.

"இப்ப அந்தச் சட்டமே இல்லியே," என்றேன்.

"சட்டத்தை மாற்றினார்கள். என் கோப்பை யாரும் மாற்றவில்லை." படத்தைப் பார்த்தார். "என் மகளுக்குப் பத்தொன்பது வயது. பள்ளியில் இந்த மனிதரைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். ஒல்லாந்துக்குப் போய் இவருடைய ஊரைப் பார்க்கப் போகிறாளாம். நான் அவளிடம் ஊரின் பெயர்கூடச் சொல்லியிருக்கிறேன். வரைபடத்தில் தேடி எடுத்த பெயர்."

கடைசியாக மறுபடி தமிழுக்கு வந்தார். குரல் இறங்கி, வேகமாக, அறியாத வீட்டுக்குள் நுழைகிறவர் போல.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்."

தலையாட்டினேன். கதவைத் திறந்துவிட்டார்.

விதிப்படி அந்த முடிச்சுகளைப் பிரித்துப் பழைய மாதிரியே கட்டச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மக்களின் பொருளில் இன்னொரு மக்களின் முடிச்சு இருக்கக் கூடாது. நான் சொல்லவில்லை. அறிக்கையில் "முடிச்சு வகை" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். அவை அங்கே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கட்டடத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இனி ஒரு துணை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை, "சாப்ட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். "காலை வணக்கம்," என்றார் ஆங்கிலத்தில். எலுமிச்சம்பழச் சாதம் செய்து ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். மாலையில் டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. "மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் இனிமேல் சிரமப்பட வேண்டாம்." முன்பாவது வானிலையைப் பற்றிப் பேசுவார். இப்போது அதுவும் குறைந்தது. என்னைப் பார்த்தால் அவருக்கு அந்தப் பிற்பகல் நினைவு வருகிறது என்று புரிந்தது. நான் ஒரு கதவைத் திறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். தட்டியதால் உள்ளேயிருந்தவர் தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டார். பட்டியலில் நாட்கள் கூடின. பதின்மூன்று. பதினேழு. இருபது.

இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிளென் வேவர்லி.

அன்ரி குசினியில் முருங்கைக்காய் கிடைக்காத குறைக்கு வேறு எதையோ போட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"வாரும் பிள்ளை, அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரும். என்ன, ஓணான் மாதிரி மெலிஞ்சு போனீர்? ஒரு மாப்பிள்ளை பாக்கட்டே?"

"மாப்பிள்ளைக்கும் சேத்து நான்தான் சமைக்கணும் அன்ரி. வேண்டாம்."

"அதுவும் சரிதான்." சிரித்துவிட்டு என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "பாவம் நீர். அந்த நிலவறைக்குள்ள தமிழ் கதைக்க ஒரு சனமும் இல்லை, என்ன?"

பாவம் என்ற சொல்தான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஒருத்தங்க இருக்காங்க," என்றேன்.

பெயரைச் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய கட்டுப்பாடாகத் தெரிந்தது. இலங்கைக்காரர், வேறு ஆளாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், ஆனால் கை காட்டிக்கொடுத்துவிட்டது என்று சொன்னேன். எப்படி என்று கேட்டார். நான் பயிற்சி பெற்றவள் அல்லவா? துல்லியமாகச் சொன்னேன். பூக்கட்டும் முடிச்சு, ஆனால் இடக்கை. சுற்று உட்பக்கமாக இல்லாமல் வெளிப்பக்கமாகப் போகும். ஒரு கட்டுக்கு இரண்டு புரட்டு. மேசையில் கிடந்த கருவேப்பிலைக் காம்புகளை வைத்துச் செய்தும் காட்டினேன்.

அன்ரி அடுப்பைத் தணித்தார்.

"இடக்கையாலை, இரண்டு புரட்டோ?" என்றார். "எங்கட ஹொஸ்டல்ல ஒருத்தி இருந்தவள். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூக் கட்டுறது அவள்தான். சாமிக்கு இடக்கையாலையோ எண்டு ரீச்சர் அடிமட்டத்தாலை அடிச்சவ. கேக்கேல்லையே! 'என்ரை கை, என்ரை பூ' எண்டு நிண்டவள்." கண்கள் நிறைந்துவிட்டன. "பிறகு ஆரோ பறங்கிப் பெடியனை முடிச்சு... வீட்டில செத்த வீடு மாதிரி. ஒரு காயிதமும் இல்லை. அவள் இருக்கிறாளோ, இல்லையோ எண்டுகூட..."

"அவங்களா இருக்காது அன்ரி," என்றேன். மேசைமேல் நான் கட்டிய கருவேப்பிலைச் சரம் கிடந்தது. பிரித்துப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கண்காட்சி திறந்தது. முகமூடி நடு மண்டபத்தில், கண்ணாடிக்குள், பாதி திறந்த நிலையில் இருந்தது. முழுவதும் திறக்கக் கூடாது, கீல் தாங்காது என்று அவர் தலைவரிடம் வாதாடி வாங்கியிருந்தார். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் உள்முகம் தெரியும். அன்று மகளை அழைத்து வந்திருந்தார். உயரமான பெண், தகப்பனின் நிறம், தாயின் புருவம். "இதைச் சரி பண்ணினது யாருன்னு கேட்டா எங்கம்மான்னு சொல்வேன்," என்று என்னிடம் வந்து கைகுலுக்கினாள். தாய் முதல் தடவையாக என் எதிரில் சிரித்தார். முன்பல் ஒன்று லேசாக வளைந்திருந்தது. இரண்டு ஆண்டில் நான் அதைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது.

"எடியே!"

பிறகு ஒரு பெயர். வீட்டில் கூப்பிடும் பெயர், இரண்டே எழுத்து.

அன்ரி காஞ்சிபுரம் கட்டி, கொண்டையில் பூ வைத்து வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். "நீயோடி இது? எத்தினை வருசம்! என்னைத் தெரியேல்லையோ? ஹொஸ்டல்ல உனக்குப் பக்கத்துக் கட்டில்!"

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கையில் இருந்த கண்காட்சித் தாள் மட்டும் இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறியது.

"மன்னிக்க வேண்டும். நீங்கள் வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறீர்கள்."

அன்ரியின் கைகள் நீட்டியபடியே நின்றன. என்னிடம் திரும்பினார். "பிள்ளை, நீர்தானே சொன்னனீர்? இடக்கை முடிச்செண்டு?"

அவர் என்னைப் பார்த்தார். மகள் எங்கள் மூவரையும் பார்த்தாள்.

"இல்ல அன்ரி," என்றேன். "நான் சொன்னது வேற ஒருத்தங்க. அவங்க போன மாசமே வேலைய விட்டுப் போயிட்டாங்க."

அன்ரி முட்டாள் அல்ல. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் புருவத்தைப் பார்த்தார். பார்வை அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பிறகு கைகளை மெதுவாகக் கீழே இறக்கி, ஆங்கிலத்தில் சொன்னார்: "மன்னிச்சுக்கங்க மேடம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு மாதிரி இருந்தீங்க. எங்களுக்கெல்லாம் பூக் கட்டித் தருவா."

திரும்பி நடந்தார். சேலைத் தலைப்பு கண்ணாடிப் பெட்டியில் உரசிக்கொண்டு போனது. அதன் பிறகு ஒரு ஞாயிறும் அவர் வீட்டுக்கு நான் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

மகள் என் அருகே வந்தாள். "அந்த அம்மா எங்கம்மாவை என்ன சொல்லிக் கூப்ட்டாங்க?"

"அது வேற யாரோட பேரோ."

அவள் அந்த இரண்டு எழுத்தையும் ஒரு தடவை, தப்பான உச்சரிப்பில், சொல்லிப் பார்த்தாள். "அழகான பேரு," என்றாள்.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கண்ணாடியில் அவர் நிழல் தெரிந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்கு வந்தார். குடையை மடித்து வைத்தார். நார்கள் தளர்ந்திருக்கின்றன என்று தலைவரிடம் சொல்லி முகமூடியைக் கீழே வரவழைத்தார். அரை நாள் தனியாக அறைக்குள் இருந்தார். உதவட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்." மறுவாரம் விலகல் கடிதம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், சிட்னி என்று மட்டும் எழுதியிருந்தாராம். தச்சர் அவருக்கு ஒரு தையல் பெட்டி செய்து கொடுத்தார், அங்குல அளவில். "பின்பக்கத்தையும் இழைச்சிருக்கேன், பாத்துக்கங்க," என்றார். அவர் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மேசையிலிருந்து கிழவரின் படத்தை எடுத்துத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தார்.

கடைசி நாள் மாலை டிராம் நிறுத்தம்வரை கூடப் போனேன். வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். சொல்ல வேண்டியவற்றை மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று. டிராம் திருப்பத்தில் தெரிந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றேன். தமிழில். அதுகூட அவருக்கு ஆபத்து என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் குடையை மடக்கினார், சீட்டுக்குச் சில்லறையை எடுத்து வைத்துக்கொண்டார். படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். அத்தனை பேருக்கும் கேட்கும் குரலில், சாதாரணமாக, கடைக்குப் போகிற அவசரத்தில் வீட்டாரிடம் போய் வருகிறேன் என்பதுபோல் சொன்னார்:

"போட்டு வாறன்."

வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்கும் அது என்ன மொழி என்றுகூடத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்திருந்தது இடக்கை.

அவர் வரவில்லை. இப்போது நானும் சிட்னியில்தான் இருக்கிறேன். சாம்பல் கவுனும் குடையும் தெரிந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன். பார்க்க விருப்பம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் எதிரே வந்தால் அவர் மறுபடி ஊர் மாற வேண்டியிருக்கும்.

மெல்பர்னில் அந்தக் கண்காட்சி முடிந்து முகமூடி கீழே வந்தபோது அறிக்கையை நிறைவு செய்ய வேண்டியிருந்தது. காலியாக விட்ட அந்த ஒரு கட்டம்தான் பாக்கி. ஓநாயைத் திறந்து, உருப்பெருக்கியை வைத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டியிருந்தார். தட்டையான, எளிய முடிச்சு, நான் வரைந்து ஒட்டிய படத்தில் உள்ளது போலவே. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றுவரை அப்படித்தான்.

பன்னிரண்டாவது, ஓநாயின் இடத் தாடைக்குப் பின்னால், கதவு மூடினால் மறைந்துவிடும் இடத்தில் இருந்தது. வெளிப்பக்கமாகப் போகும் சுற்று. இரண்டு புரட்டு.

மறந்து விட்டிருக்க மாட்டார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

அந்த முகமூடியைச் செய்தவர்களிடம் இதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது அவர்களுடைய முடிச்சு அல்ல. அதைப் பிரித்துச் சரியாகக் கட்டியிருக்க வேண்டும். ஊசி எடுக்கவே எனக்குக் கை வரவில்லை. பேனாவை எடுத்தேன். முடிச்சுகள்: பன்னிரண்டு. வகை: அனைத்தும் பழைய மாதிரியே. கையெழுத்து, தேதி.

அறிக்கையில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். மை காயும்வரை காத்திருந்துவிட்டு, ஓநாயின் இரண்டு பாதிகளையும் மெதுவாகச் சேர்த்துச் சாத்தினேன்.